நீல விளக்கு எரிந்தது, நாற்றம் போகவில்லை

பள்ளியில் ஆசிரியைகளுக்கென இருக்கும் கைகழுவும் தொட்டியில்தான் அதை முதலில் பார்த்தேன். வெந்த ஜவ்வரிசி போல இருந்தது. ஆனால் சாம்பல் நிறம். நூலாக நீண்டு வெள்ளைப் பீங்கானில் ஒட்டிக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்துவிட்டேன். போகவில்லை. விரலால் தள்ளினேன், விரலில் ஒட்டிக்கொண்டது. என் நெஞ்சுக்குள்ளிருந்து வந்த கோழையைத் தொட எனக்கே குமட்டியது.

மூச்சுக்குழாய் நோயோடும் வீட்டில் ஒரு வளர்ப்புப் பிராணியோடும் வாழ்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோயிலிருந்து மீண்டவர்கள் பலரும் தங்கள் துணிச்சலைப் பற்றி எழுதுகிறார்கள். என்னிடம் இருந்தது பெரும்பாலும் அருவருப்புதான். அதை மறைத்து எழுதினால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

என் பெயர் ரெஜினா. சாந்தோமில் பிறந்தவள். மந்தைவெளியில் இரண்டாம் மாடி ஃபிளாட்டில் கணவருடன் இருக்கிறேன். பெண்கள் பள்ளி ஒன்றில் சரித்திரம் நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுவேன். குரல்தான் என் பிழைப்பு, குரல்தான் என் சந்தோஷம்.

கணவர் ஜெரோம், இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்த பிறகு வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றுவிட்டார். மகள் கல்யாணமாகிக் கோவைக்குப் போனாள். அவள் போன வருடமே வீட்டுக்குள் பூனைகள் வந்தன. முதலில் கறுப்பி, பிறகு அவள் குட்டி சின்னு, பிறகு கீழ்வீட்டு மதிலிலிருந்து தானாகவே உள்ளே வந்த துரை என்ற கடுவன் பூனை. பகலெல்லாம் தனியாக இருக்கும் மனிதருக்குத் துணையாக இருக்கட்டும் என்று நானும் சும்மா இருந்தேன்.

அதே சமயத்தில் பக்கத்து மனையில் பழைய வீட்டை இடிக்க ஆரம்பித்தார்கள். சுண்ணாம்புத் தூசி ஜன்னல் கம்பிகளில் மாவு போலப் படிந்தது. காலையில் துடைத்த சாப்பாட்டு மேசையில் மாலையில் பெயர் எழுதலாம். ஜன்னலைத் திறந்தால் தூசி. மூடினால் பூனை மூத்திர நாற்றம். கண்ணைக் கரிக்கும் அந்த நெடி திரைச்சீலையில், தலையணையில், பள்ளிக்குக் கட்டிப்போகும் புடவையில்கூட ஏறிவிட்டது. வகுப்பில் முதல் பெஞ்சுப் பெண்கள் மூக்கைச் சுளிக்கிறார்களோ என்று பயந்து பயந்து நின்றேன்.

"வீடு நாறுதுங்க" என்பேன்.

"உனக்கு எப்பவும் ஒரு கொற. நான் காலையிலதான் மண்ணு மாத்தினேன்" என்பார். பூனைகள் வெளிக்கிருக்கும் தட்டில் போடும் மணலைச் சொல்கிறார். சொல்லிவிட்டு மடியில் கிடக்கும் துரையின் கழுத்தைச் சொறிவார். அந்த நிம்மதியைப் பார்க்கவே எனக்கு எரியும். இவ்வளவு நாற்றத்தில் ஒரு மனிதர் எப்படி உட்கார்ந்து காபி குடிக்கிறார் என்று அவர் மேலேயே வெறுப்பு வந்தது.

இருமல் மாதக்கணக்கில் நீண்டது. தெருமுனை டாக்டர் சிரப் கொடுத்தார், பிறகு ஆன்டிபயாடிக் கொடுத்தார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஆனால் படுத்தால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். கோயிலில் நாங்கள் பாடும் ஒரு பாட்டில், நான்கு வரிகளை ஒரே மூச்சில் பாடுகிற இடம் ஒன்று உண்டு. அங்கே இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டேன். பக்கத்தில் நின்றவள் என் பங்கையும் சேர்த்துப் பாடினாள்.

அதன் பிறகுதான் அடையாறில் நுரையீரல் மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். என்னைவிட இளையவர், வார்த்தையை வீணாக்காதவர். ஸ்பைரோமெட்ரி (காற்று எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று குழாயில் ஊதிப் பார்க்கும் சோதனை) எடுத்தார். பிறகு முன்கையில் வரிசையாகச் சொட்டுகள் வைத்து ஊசியால் லேசாகக் கீறினார்கள். எந்தப் பொருள் உடம்புக்கு ஆகவில்லையோ அந்த இடம் தடிக்கும். தூசிப் பூச்சி (மெத்தையில் வாழும், கண்ணுக்குத் தெரியாத உயிரி) வைத்த இடம் தடித்தது. பூனை என்று எழுதிய இடம் ஐந்து ரூபாய்க் காசளவு வீங்கிச் சிவந்தது.

"ஆஸ்துமா. இந்த வயசுலயும் புதுசா வரும்" என்றார் மருத்துவர். "வீட்ல பூனை இருக்கா?"

"மூணு."

"முடிதான் பிரச்சினைன்னு எல்லாரும் நெனைப்பாங்க. அதோட எச்சில், தோல் செதில்தான் காரணம். உடம்பை நக்கும், அந்த எச்சில் காய்ஞ்சு தூளாப் பறக்கும். அதைத்தான் நீங்க சுவாசிக்கிறீங்க. பூனைங்களை வேற எடத்துக்கு அனுப்பிடறது நல்லது. அனுப்பினாலும் அந்தத் தூள் போக மாசக்கணக்கா ஆகும்."

காய்ந்த எச்சில். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த இரண்டு சொற்களும் தொண்டையில் நின்றன. ஆட்டோவை நிறுத்தச் சொல்லி ஓரமாகத் துப்பினேன்.

ஜெரோமிடம் சொன்னேன். துரையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"உனக்கு மருந்து இருக்கு ரெஜி. இதுங்களுக்கு யாரு இருக்கா?"

"எனக்கு யாரு இருக்கா?" என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அவர் தண்ணீர் கொண்டுவந்தார். டம்ளரின் விளிம்பில் ஒரு முடி ஒட்டியிருந்தது. நான் குடிக்கவில்லை.

இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. பிறகு அவராகவே ஒரு வழி சொன்னார். காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் விற்கிறார்களாம். ஏர் பியூரிஃபையர். அதை வாங்கிவிட்டால் பூனைகளும் இருக்கலாம், நானும் இருக்கலாம். சண்டை போடத் தெம்பில்லாமல் சரி என்றேன்.

தி.நகரில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். விற்பனைப் பையன் எங்களை ஒரு வெள்ளை மெஷின் முன்னால் நிறுத்தினான்.

"சார், இது அயனைசர் மாடல். காத்துல மின்சாரம் விட்டு கிருமியைக் கொல்லும். பெட் ஸ்மெல்லா? அஞ்சே நிமிஷம், காலி. மேல பாருங்க, சென்ட் ஊத்த எடம் குடுத்திருக்கான். மல்லி, ஆரஞ்சு, எது வேணா ஊத்திக்கலாம்."

"மல்லி நல்லாருக்கும்ல ரெஜி?" என்றார் ஜெரோம்.

படுக்கையறையில் வைத்தோம். மூத்திர நெடியின் மேல் மல்லிகை சென்ட் விழுந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் யாரோ வாடிய மாலையை எறிந்துவிட்டுப் போனது போல இருக்கும். அதற்கும் அடியில் ஜெராக்ஸ் கடையில் அடிக்கும் ஒரு காரமான வாசனை. மெஷினில் மட்டும் அழகான நீல விளக்கு எரிந்தது. நீலம் என்றால் காற்று சுத்தம் என்று அர்த்தமாம்.

ஒரு ஞாயிறு மதியம், கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு, மெஷினை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் இருமல் ஆரம்பித்தது. நிற்கவில்லை. காற்று உள்ளே போகிறது, வெளியே வர மறுக்கிறது. எழுந்து கதவைத் திறப்பதற்குள் கால் தளர்ந்துவிட்டது. இருமிய வேகத்தில் மூத்திரம் பிரிந்து உள்பாவாடை நனைந்தது. ஜெரோம் ஓடிவந்து தூக்கியபோது எனக்கு உயிர்ப்பயத்தைவிட, நனைந்திருப்பது அவர் கையில் படுமே என்ற கூச்சம்தான் பெரிதாக இருந்தது.

மருத்துவமனையில் நெபுலைசர் (மருந்தை ஆவியாக்கி உள்ளிழுக்கச் செய்யும் கருவி) முகத்தில் மாட்டினார்கள். கோழையைத் துப்ப ஒரு தட்டைக் கொடுத்தார்கள். நர்ஸ் அதை வெளிச்சத்தில் சாய்த்து நிறம் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்த நாள் அவளே பெரியவர்கள் கட்டும் டயப்பரைக் கொண்டுவந்து கொடுத்தாள். இருமல் நோயாளிகளில் பல பெண்களுக்கு இது நேர்கிறது. யாரும் எழுதுவதில்லை, அதனால் எழுதுகிறேன். வீட்டில் பூனை மூத்திரம் நாறுகிறது என்று கத்திக்கொண்டிருந்த நான், கட்டிலில் என் நாற்றத்திலேயே படுத்திருந்தேன்.

அடையாறு மருத்துவர் வந்து பார்த்தார். புது மெஷின் பற்றிச் சொன்னேன்.

"அது சில சமயம் ஓசோன் விடும்" என்றார். ஓசோன் (ஆக்சிஜனின் ஒரு காரமான வடிவம்) வானத்தின் உயரத்தில் நமக்கு நல்லது, மூச்சுக்குழாயில் புண்போல எரிச்சல் தரும் என்று விளக்கினார். "சென்ட்டும் அதே மாதிரி கெடுதல். அதை இனிமே ஆன் பண்ணாதீங்க. ஆஸ்துமாக்காரங்க வீட்ல மல்லியும் வேணாம், ஆரஞ்சும் வேணாம். நல்ல காத்துக்கு வாசனையே இருக்காது."

ஜெரோம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீடு திரும்பிய பிறகு, தினமும் இழுக்க வேண்டிய இன்ஹேலர் வந்தது. இழுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சோம்பலில் நாலைந்து நாள் விட்டேன். நாக்கில் தயிர் படிந்தது போல வெள்ளைப் பூஞ்சை வந்தது. கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பார்த்த காட்சியை மறக்க முடியவில்லை. நீங்கள் மறக்காமல் கொப்பளியுங்கள்.

இரண்டாவது மெஷினைத் தேர்ந்தெடுக்க என்னுடன் வந்தவள் பள்ளியில் பௌதிகம் நடத்தும் வசந்தி. மாட வீதிப் பக்கம் குடியிருப்பவள், எதையும் பிரித்துப் பார்க்காமல் வாங்க மாட்டாள். கடையில் மெஷினின் பின்மூடியைக் கழற்றச் சொன்னாள்.

"சல்லடையைக் காட்டுங்கோ முதல்ல. வெளக்கு கலரெல்லாம் அப்புறம்."

அவளிடம் நான் கற்றது இது. தூசிக்கும் தோல் செதிலுக்கும் ஹெப்பா (நுண்தூசியைப் பிடிக்கும் மடிப்பு மடிப்பான சல்லடை) வேண்டும். நாற்றத்தை அது பிடிக்காது. நாற்றத்துக்குத் தனியாகக் கரி வேண்டும். கரி என்று பேருக்குக் கறுப்புத் துணி வைத்திருப்பார்கள். கையில் தூக்கிப் பார்த்தால் கனக்க வேண்டும், குலுக்கினால் உள்ளே மணிமணியாகக் கலகலக்க வேண்டும். அறையின் அளவுக்கு ஏற்ற மெஷினா என்று பார்க்க வேண்டும். முழு வேகத்தில் ஓடவிட்டுப் பக்கத்தில் நின்று பேசிப் பார்க்க வேண்டும். சத்தம் தாங்காமல் அணைத்துவிட்டால் எந்த மெஷினும் வேலை செய்யாது. மாற்றுச் சல்லடை சென்னையில் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். அயனைசர் இருக்கவே கூடாது.

"எங்காத்து மெஷின்ல அகர்பத்திப் பொகைக்கே வெளக்கு செவப்பாயிடும்" என்றாள் வசந்தி. "ஆனா அது தூசியத்தான் பாக்கும். பீ நாத்தம் அடிச்சாலும் நீலமாவே எரிஞ்சுண்டிருக்கும். அதை நம்பாதே. ஒன் மூக்கை நம்பு."

இந்த மெஷினால் மூச்சு தெளிவானது உண்மை. படுக்கையறைக்குள் பூனைகளை விடுவதில்லை என்று சட்டம் போட்டேன். மெத்தைக்கு உறை மாட்டினேன். இரண்டு வாரம் கழித்து முன்சல்லடையை (முடியையும் பெருந்தூசியையும் முதலில் தடுப்பது) கழற்றினேன். முகமூடி போட்டுக்கொண்டு, பால்கனியில் செய்தித்தாள் விரித்து. கம்பளித் துண்டு போல ஒரு சாம்பல் படலம் முழுசாக உரிந்து வந்தது. பூனை முடி, பக்கத்து வீட்டுச் சுண்ணாம்பு, அவற்றோடு என் நரைமுடி, ஜெரோமின் பொடுகு. எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. இத்தனை நாள் இதைத்தான் தின்றிருக்கிறேன். ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

ஆனால் நாற்றம் போகவில்லை. நீல விளக்கின் கீழேயே, பூட்டிய படுக்கையறையிலேயே, அந்த நெடி அப்படியே இருந்தது. ஜெரோமிடம் கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியலியே. புது மெஷின் சூப்பரா இருக்கு" என்பார். நான் பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்று நான் நினைத்தேன்.

ஒரு நாள் பள்ளிவிட்டு வருகிறேன். மாடிப்படியிலேயே அழுகல் நாற்றம். மூத்திரம் இல்லை, பிணவாடை. மேல்வீட்டம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினாள். "உங்க வீட்லேர்ந்துதாங்க வருது" என்றாள். கதவைத் திறந்தேன். ஜெரோம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தபடி மிக்சர் தின்றுகொண்டிருந்தார். நாற்காலியை நோக்கிக் குனிந்தேன். அதன் அடியில் எலி ஒன்று வயிறு ஊதி வெடித்துக் கிடந்தது. எங்கோ அழுகிக் கிடந்ததைத் துரை அன்று பகலில் கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும். புழு நெளிந்தது. அவர் கால் அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"இதுகூடவா தெரியல உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"லேசா... ஏதோ அடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் பிடிவாதம் இல்லை. மாட்டிக்கொண்ட முகம்.

சமையலறையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துவந்தேன். "கண்ண மூடுங்க" என்று சொல்லி மூக்கருகே திறந்து பிடித்தேன். அன்று காலையில் அரைத்து வாங்கிய காபிப்பொடி. காபிப்பொடி வாசனைக்காகவே சுற்றிக்கொண்டு மயிலாப்பூர் குளத்தோரக் கடை வரை நடக்கிற மனிதர் அவர்.

ஆழமாக இழுத்தார். மறுபடி இழுத்தார்.

"விபூதியா?" என்றார். கிறிஸ்தவ வீட்டில் விபூதி ஏது? கண்ணைத் திறந்து டப்பாவைப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியல ரெஜி. கொரோனா வந்தப்போ போனது. எல்லாருக்கும் திரும்பி வந்துச்சு, எனக்கு வரல. வந்துரும் வந்துரும்னு இருந்தேன். ஹார்ட்டும் போச்சு, வேலையும் போச்சு, மூக்கும் போச்சுன்னு சொல்ல இன்னாவோ மாதிரி இருந்துச்சு."

"அப்ப நான் நாறுதுன்னு சொன்னப்போ எல்லாம்?"

"பூனைங்களை விரட்டத்தான் பெருசா சொல்றேன்னு நெனச்சேன்."

எலி எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. எனக்குப் பரிதாபமும் குமட்டலும் ஒன்றாக வந்தன. குமட்டல்தான் முதலில் ஜெயித்தது. "மொதல்ல அத எடுத்துப் போடுங்க" என்றேன். அவர் முகம் சுளிக்காமல் பேப்பரில் வாரி எடுத்தார்.

அந்த வாரம் நாற்றத்தின் ஊற்றைத் தேடினோம். எந்த மெஷினும் ஊற்றை அடைக்காது என்று மருத்துவரும் சொல்லியிருந்தார். நான் மோப்பம் பிடித்து இடத்தைக் காட்ட வேண்டும், அவர் டார்ச்சோடு மண்டிபோட வேண்டும். படுக்கையறை அலமாரியின் பின்பக்கத்தில் என் மூக்கு நின்றது. அவர் அதை நகர்த்தினார். பூனைகளை உள்ளே விடுவதில்லை என்று சட்டம் போடுவதற்கு முன்னால், மாதக்கணக்கில், துரை தன் எல்லையைக் குறிக்க அங்கேதான் பீச்சியடித்திருக்கிறான். பிளைவுட் ஊறி அப்பளம் போல ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. விளிம்பில் மஞ்சள் உப்பு பூத்திருந்தது. என் தலையணைக்கும் அதற்கும் நடுவே கைநீளம்தான் இடைவெளி.

ஜெரோம் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதுல படுக்க வெச்சிருந்தேனா உன்ன?"

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பதில் சொல்ல வாயைத் திறந்தால் நெடி உள்ளே போகும்.

அலமாரியை வெளியே தள்ளினோம். தரையை அவரே கழுவினார். "நாறுற வேலைக்கு நாத்தம் தெரியாத மூக்குதான் லாயக்கு" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு நான் சிரித்தேன், சிரிப்பு இருமலில் முடிந்தது. ஜெரோம் துரைக்குக் கருத்தடை அறுவை செய்வித்து, அசோக் நகரில் தனி வீட்டில் இருக்கும் தன் தம்பியிடம் கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து வெறும் கூடையைப் பால்கனியில் வைத்துவிட்டு, முகம் கழுவப் போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை. கறுப்பியும் சின்னுவும் கூடத்தோடு நிற்கின்றன. எல்லாவற்றையும் அனுப்பச் சொன்ன மருத்துவர் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. எனவே இதை நீங்கள் பின்பற்ற வேண்டிய வழியாக எழுதவில்லை. நாங்கள் வந்து நின்ற இடம் இது, அவ்வளவுதான்.

ஊதும் சோதனையில் இப்போது முன்னேற்றம் தெரிகிறது. இன்ஹேலர் நிற்கவில்லை, நிற்காது என்றும் தோன்றுகிறது. பாடகர் குழுவில் இரண்டாம் வரிசைக்கு மாறிவிட்டேன். மூச்சு முடியும் இடத்தில் கூச்சமில்லாமல் நிறுத்திக்கொள்கிறேன். பையில் ஒரு மாற்று உள்ளாடை எப்போதும் இருக்கிறது.

என் உடம்பு தோலோடு முடிந்துவிடுகிறது என்று நினைத்திருந்தேன். முடிவதில்லை. அது உதிர்கிறது, பறக்கிறது, பக்கத்தில் இருப்பவரின் நெஞ்சுக்குள் போகிறது. ஜெரோமின் உடம்பு என்னுள்ளே கொஞ்சம் இருக்கிறது, கறுப்பியின் எச்சிலும், யாரோ வாழ்ந்து முடித்த வீட்டின் சுண்ணாம்பும். இந்த நினைப்பு இன்றைக்கும் அருவருப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் மூச்சை இழுக்காமல் இருக்க முடியாது. நாட்காட்டியை நான் முன்போலப் பார்ப்பதில்லை. முன்சல்லடை வெள்ளையாக இருந்து சாம்பலாவதற்குள் ஒரு காலம் போய்விடுகிறது, கழுவி மாட்டினால் அடுத்தது தொடங்குகிறது.

ஜெரோமுக்கு மூக்கு டாக்டர் பயிற்சி கொடுத்திருக்கிறார். அனோஸ்மியா (வாசனை அறியும் திறன் போய்விடுதல்) சிலருக்கு மெல்லத் திரும்புமாம், சிலருக்குத் திரும்பாதாம். கிராம்பு, எலுமிச்சை என்று ஒவ்வொன்றாக முகர்ந்து, அதன் வாசனையை மனதில் நினைத்துப் பார்க்க வேண்டும். காலையில் பால்கனியில் இருவரும் உட்காருகிறோம். நான் இன்ஹேலரை இழுத்துவிட்டு மூச்சை அடக்கியிருப்பேன், அவர் கிராம்பை முகர்ந்தபடி இருப்பார். இருவரும் பேச முடியாத சில நொடிகள்.

நேற்று, முகர்ந்து முடித்துக் கூடத்தின் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"இப்போ எப்டி இருக்கு வீடு? உண்மைய சொல்லு."

ஆழமாக இழுத்துப் பார்த்தேன். "நாறுதுங்க."

"எவ்ளோ?"

"முந்தாநாளைவிடக் கம்மி" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, வாளியை எடுக்க எழுந்தார்.